குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடும்!

நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 2 ஏக்கர் நிலம் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வயது 54. ஓர் ஏக்கரில் மரவள்ளி, இன்னோர் ஏக்கரில் மாட்டுக்குச் சோளம். அதுபோக, 20 வருடங்களுக்கும் மேலாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வையாளர் வேலை. ஷெட்டுக்குள் ஒரு நடை போய் வந்தால் போதும். எந்தக் கோழி தீனி எடுக்கவில்லை, எது சீக்கிரம் முட்டையை நிறுத்தப் போகிறது என்று சொல்லிவிடுவார்.

பண்ணையில் அவர் பலமுறை பார்த்த சாவு ஒன்று உண்டு. நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த, கொழுத்த கோழி ஒன்று திடீரென்று கூண்டுக்குள் செத்துக் கிடக்கும். கொண்டை வெளுத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாக, களிமண் மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் உதிரும். வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருக்கும். இது கொழுப்பு ஈரல் நோய். மக்காச்சோளம் போன்ற எரிசக்தி மிகுந்த தீவனத்தைத் தின்றுவிட்டு, நடமாட்டம் இல்லாமல் கூண்டிலேயே நிற்கும் கோழிகளுக்கு வருவது. தீவனத்தில் எதைக் குறைக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அதே பெயரில் ஒரு நோய் மனிதருக்கும் வரும், அதுவும் தனக்கே வந்திருக்கிறது என்பது மட்டும் சென்ற ஆண்டு வரை அவருக்குத் தெரியாது.

அளவு டேப் சொன்ன செய்தி

அவருக்கு 6 வருடங்களாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. 2021-ம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். மாத்திரை கொண்டுவரும் பெண், ஒருநாள் டேப்பை எடுத்து அவர் இடுப்பை அளந்தார். 104 சென்டிமீட்டர்.

"ஆம்பளைங்களுக்கு 90-க்குள்ள இருக்கணுங்கண்ணா. பொம்பளைங்களுக்கு 80. நீங்க ஒருக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்க. ஈரலுக்கும் சேர்த்து டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "எனக்கெதுக்குங்க ஈரல் டெஸ்ட்டு? நான் பீடியைக்கூடத் தொட்டதில்ல. குடிக்கறவனுக்குத்தானுங்க ஈரல் கெடும்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. 9 வருடங்களுக்கு முன்பு அவருடைய அண்ணன் இறந்துபோனார். 15 வருடச் சர்க்கரை நோயாளி. கடைசி ஆறு மாதங்களில் வயிறு ஊதி, கால் வீங்கி, ஒரு விடியற்காலையில் ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. 'ஈரல் சுருங்கிப் போச்சு' என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அண்ணன் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும், "உள்ளுக்குள்ள குடிச்சிருப்பான், வெளிய தெரியாம" என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள். அந்தப் பேச்சைத் தம்பியும் பாதி நம்பினார். பண்ணை வேலைக்குப் போன தான் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்திருக்குமோ என்று நினைத்தார். அண்ணியிடம் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால், அந்த வீட்டுக்குப் போக்குவரத்து குறைந்துவிட்டது.

சத்தம் போடாத உறுப்பு

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் சந்தேகப்படாமல் எழுதிக்கொண்டார். பிறகு விளக்கினார்.

கல்லீரலில் ஓரளவுக்கு மேல் கொழுப்பு தேங்குவதுதான் கொழுப்பு ஈரல். குடியால் வருவது ஒரு வகை. குடி இல்லாமலே, சர்க்கரை நோய், தொப்பை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் மிகுந்த கொழுப்பு இவற்றோடு சேர்ந்து வருவது இன்னொரு வகை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, தேவைக்கு மேல் சாப்பிடும் மாவுச்சத்தையும் இனிப்பையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. தொப்பையில் இருக்கும் கொழுப்பும் அங்கே வந்து இறங்குகிறது. கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் ஆபத்து வருவதில்லை. ஆனால், சிலருக்கு அது புண்ணாகி, புண் ஆறி ஆறித் தழும்பாகிறது. தழும்பு கூடினால் ஈரல் இறுகிச் சுருங்குகிறது. புற்றுநோய்கூட வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தழும்பு வரும் வாய்ப்பு அதிகம்.

இதில் மோசமான விஷயம், தழும்பு கணிசமாகும் வரை வலி இருக்காது, மஞ்சள் காமாலை இருக்காது, பசி குறையாது. வயிறு ஊதி, ரத்த வாந்தி வரும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் நோய் தெரியும் முன்பே தேட வேண்டியிருக்கிறது. மத்திய அரசு 2021-ல் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்தக் கொழுப்பு ஈரலையும் சேர்த்ததற்குக் காரணமும் அதுதான்.

"பயிர் மஞ்சளாகற வரைக்கும் காத்திருக்காம மண்ணை டெஸ்ட் பண்றீங்கள்ல, அந்த மாதிரிதான்" என்றார் டாக்டர்.

நான்கு எண்கள்

எடுத்தது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகள். பழைய ரிப்போர்ட்டுகளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இருக்கும். கூடவே ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. இந்த மூன்றோடு வயதையும் சேர்த்தால் நான்கு எண்கள். இவற்றை வைத்துப் போடும் கணக்குக்கு 'ஃபிப்-4' என்று பெயர். ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. தழும்பு இருக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லும். தழும்பு ஏற ஏறத் தட்டணுக்கள் குறையும் என்பதால்தான் அதுவும் கணக்கில் வருகிறது.

அவருடைய எண்கள்: வயது 54. ஏ.எஸ்.டி. 48. ஏ.எல்.டி. 64. தட்டணுக்கள் 1,80,000. வயதையும் ஏ.எஸ்.டி.யையும் பெருக்கினால் 2,592. தட்டணுக்களை ஆயிரக் கணக்கில் 180 என்று வைத்து, ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினால் 1,440. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் 1.8.

1.3-க்குக் கீழே வந்தால் தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. சர்க்கரை உள்ளவர்கள் ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக்கொண்டால் போதும். 2.67-க்கு மேலே போனால் உடனே கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அடுத்த பரிசோதனை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

அவர் இடையில் நின்றார். சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 'ஃபைப்ரோஸ்கேன்' பார்த்தார்கள். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, வலது விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டுகிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணாக வந்துவிடும். 8-க்குக் கீழே என்றால் நிம்மதி. அவருக்கு 8.6. மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவை இல்லை.

"தழும்பு ஆரம்பிச்சிருக்கலாம். இன்னும் முத்திப் போகலை. இப்ப கவனிச்சா திருப்பிக் கொண்டுவரலாம்" என்றார் நிபுணர்.

அப்போதுதான் அவர் அண்ணனைப் பற்றிச் சொன்னார். பழைய ரிப்போர்ட்டுகள் எதுவும் கையில் இல்லை. "எதுவும் இல்லாம நான் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா, 15 வருஷம் சர்க்கரை இருந்தவருக்கு, ஒரு சொட்டுக் குடிக்காமலேயே இப்படி ஆகும். நாங்க வாராவாரம் பார்க்கறோம்" என்றார் அவர்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பேசாமலேயே வந்தார்.

கோழிக்கு அளந்தவர்

வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சந்தையில் விற்ற ஈரல் பொடி ஒன்றை ஒரு வாரம் தின்றும் பார்த்தார். அடுத்த முறை டாக்டரிடம் சொன்னபோது அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியும் கஷாயமும் சில சமயம் ஈரலையே கெடுத்துவிடும். எந்த மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

இந்த நோய்க்கு முதல் மருந்து எடையைக் குறைப்பதுதான். உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு குறைந்தால் புண் ஆற வாய்ப்பு அதிகம். 10-க்கு மேல் போனால் தழும்பும் குறையலாம். அவர் எடை 84 கிலோ. குறைந்தது 6 கிலோ, முடிந்தால் 8 கிலோ இறக்க வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார், "ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 110 கிராம்னு தீவனத்தை எடை போட்டுப் போடறேன். எனக்கு ஒருநாளும் அளவே போட்டதில்ல பாரு."

"ஏனுங்க, நான் வெக்கறதை வேண்டாம்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கீங்களா?" என்றார் அந்த அம்மா.

மறுநாள் முதல் சமையலறையில் தராசு வந்தது. முதலில் தேநீர்க் கணக்கு. ஒரு நாளைக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை டீயில் மட்டும்! அதை நிறுத்தினார். பண்ணையில் 11 மணிக்கு வரும் பன்னும் கலர் சோடாவும் நின்றது. மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளை ஆக்கினார். அதிலும் பாதித் தட்டு காய், கீரை. கூடவே கொள்ளு, பாசிப்பயறு. அவர் பண்ணை முட்டைக்கும் தட்டில் இடம் கிடைத்தது. கம்பு, ராகி நல்லதுதான். ஆனால், சிறுதானியம் என்று சொல்லி அளவில்லாமல் தின்றால் அதுவும் மாவுச்சத்துதான் என்று எச்சரித்திருந்தார்கள்.

'நாங்க உழைக்கற ஆளுங்க, எங்களுக்கெதுக்கு நடைப்பயிற்சி' என்றுதான் அவரும் நினைத்தார். யோசித்துப் பார்த்தால், உழவுக்கு டிராக்டர், தண்ணீருக்குச் சொட்டு நீர், மோட்டார் போட செல்போன், தோட்டத்துக்குப் போக மோட்டார் சைக்கிள். அப்பா காலத்து உழைப்பு உடம்பை விட்டுப் போய் 20 வருடம் ஆகியிருந்தது. தினமும் மாலையில் 45 நிமிடம் வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

10 மாதத்தில் எடை 77 கிலோ. குறைந்தது 7 கிலோ, அதாவது நூற்றுக்கு 8 பங்குக்கு மேல். இடுப்பு 95. சர்க்கரை கட்டுக்குள் வந்து, டாக்டரே ஒரு மாத்திரையைக் குறைத்தார். ஃபைப்ரோஸ்கேன் 7.2 காட்டியது. முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வருடா வருடம் பார்க்க வேண்டும்.

யார் கேட்டுப் பார்க்க வேண்டும்?

* சர்க்கரை நோய் உள்ள எல்லோரும்.
* தொப்பையோடு, ரத்த அழுத்தமோ ரத்தக் கொழுப்போ அதிகம் உள்ளவர்கள்.
* வேறு எதற்காகவோ எடுத்த பரிசோதனையில் ஈரல் நொதி கூடுதலாக இருந்தவர்கள், ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதப்பட்டவர்கள்.

நொதி அளவு சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் ஈரல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சமாகச் சேர்ந்த கொழுப்பு சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் அன்றைக்கே, "ஈரலுக்கும் தட்டணுவுக்கும் சேர்த்துப் பாருங்க, ஃபிப்-4 போட்டுச் சொல்லுங்க" என்று டாக்டரிடம் கேட்டால் போதும். வீட்டில் கணக்குப் போட்டு நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. மது இந்த நோயை வேகப்படுத்தும். குடிப்பவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்த மறுநாள் அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு ரிப்போர்ட்டுகளையும் அண்ணியிடம் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இவரே சொன்னார். அண்ணனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், குடி காரணமில்லை என்றார். "நானும் ஊர்ப் பேச்சை நம்பிட்டேனுங்க அண்ணி" என்றபோது அவருக்குக் குரல் கம்மியது.

அண்ணி சிறிது நேரம் பேசவில்லை. "அவரு குடிக்கலைன்னு எனக்குத் தெரியுந் தம்பி. யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். பிறகு, உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். வயது 36. லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடமாகச் சர்க்கரை. சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது.

"திங்கக்கிழமை நீங்க போறப்ப இவனையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை சித்தப்பாவும் மகனும் ஒரே வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.