உதட்டுச் சாயமும் கோதுமையும்

சீலியாக் வியாதியால் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை ஆயுள் முழுவதும் விலக்க வேண்டியவளான என் தமக்கை, ரொட்டியைத் துறந்த கையோடு, முகத்துக்கும் பாதத்துக்கும் பூசும் களிம்புகளையும் சந்தேகக் கண்ணோடு நோக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. ஆயினும் அந்த அச்சத்தில் பெரும்பகுதி அநாவசியமே. வியாதியின் க்ஷேத்திரம் சிறுகுடல். குளூட்டன் மூலக்கூறோ உருவத்தில் பெரியதாதலால், புண்படாத சருமத்தை ஊடுருவி அவ்விடம் போய்ச் சேர்வதில்லை.

விசாரணைக்குரியவை வாயை எட்டும் வஸ்துக்கள்தாம்: உதட்டுச் சாயம், லிப் பாம், பற்பசை, கையாலேயே பிசைந்து உண்ணும் நமக்கு ஹேண்ட் கிரீமும். லேபிளில் எள்ளினும் சிறிய எழுத்தில் டிரிட்டிகம் வல்காரே என்றிருந்தால் கோதுமை. ஹோர்டியம் வல்காரே என்றால் பார்லி. செகாலே செரியாலே என்றால் ரை. (மூக்குக்கண்ணாடிக்காரர்கள் போனில் படம்பிடித்துப் பெரிதாக்கிப் படிப்பது உத்தமம்.)

ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த முகச் சோப்பு ஒன்று 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமையை உண்டாக்கி, 2011இல் திரும்பப் பெறப்பட்டது உண்மையே. ஆனால் ஒவ்வாமை வேறு, சீலியாக் வேறு.

நலங்குமாவு அரைக்கும் மில்லில் நமக்கு முன்னால் யார் கோதுமை அரைத்தார் என்று தமக்கை கேட்கிறாள். குளிக்கும் மாவுக்கு அக்கேள்வி தேவையில்லை, அதே மில்லில் அரைத்து வரும் இடியாப்ப மாவுக்கு அவசியம் தேவை.