டான் டெல்டாவின் பூர்வீகம்

ரப்பர் ஆய்வுக்கூடத்தில் டி.எம்.ஏ. (இயங்கு இயந்திரப் பகுப்பாய்வு) கருவியோடு பழகியவர்களுக்கு டான் டெல்டா அன்றாடப் பேச்சு. மெல்லிய ரப்பர் துண்டு ஒன்றை இரு பிடிகளுக்கு நடுவே இறுக்கி, திரவ நைட்ரஜனால் உறையவைத்து, நொடிக்கு ஒருமுறை மிக லேசாக இழுத்துத் தளர்த்தியபடியே மெல்லச் சூடேற்றுவோம். நல்ல ஸ்பிரிங்கில் விசையும் நீட்சியும் ஒன்றாகவே ஏறி இறங்கும். ரப்பரில் நீட்சி சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலின் கோணம்தான் டெல்டா; அதன் டேன்ஜென்ட்தான் டான் டெல்டா. 60 டிகிரி செல்சியஸில் டான் டெல்டா குறைவாக இருந்தால், டயர் உருளும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறையும். 0 டிகிரி அருகே கூடுதலாக இருந்தால் ஈரச் சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும்.

இந்தப் பின்தங்கலை முதலில் கவனித்தவர் யார் என்று பாடநூல்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். 1955இல் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி மூவரும் தந்த சமன்பாடு. 1874இல் போல்ட்ஸ்மன் எழுதிய கோட்பாடு. 1863இல் ஃப்ரீட்ரிஷ் கோல்ராஷ் முறுக்கிப் பார்த்த இழைகள். பின்னோக்கிப் போகப் போக ரப்பர் கண்ணிலிருந்து மறைந்தது. தடம் போய் நின்றது 1835இல், கோட்டிங்கன் நகரில், ஒரு பட்டு இழையில்.

வில்ஹெல்ம் வெபர் அங்கே இயற்பியல் பேராசிரியர். கணிதவியலாளர் காவுஸுடன் சேர்ந்து பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தார். காந்தத்தைத் தொங்கவிடப் பட்டு இழை வேண்டும். அந்த இழையின் குணம் தெரியாமல் அளவை நம்ப முடியாது. எடையைத் தொங்கவிட்டதும் இழை சட்டென நீண்டது. அதோடு நிற்காமல், எடை மாறாதிருந்தும் மெதுவாக நீண்டுகொண்டே போனது. எடையை எடுத்ததும் கொஞ்சம் உடனே சுருங்கியது. மீதி ஆற அமரச் சுருங்கியது. அறுந்தும் போகவில்லை, நிரந்தரமாக நீண்டும் போகவில்லை. தான் பட்ட சுமையின் சுவடு சிறிது நேரம் அதனுள் தங்கியிருந்தது. கருவியின் தொல்லை என்று ஒதுக்கிவிடாமல் அதையே ஆராயலாம் என்று வெபர் உட்கார்ந்தாரே, என்னைப் பொறுத்தவரை இந்தத் துறை பிறந்த இடம் அதுதான்.

ஆனால் பட்டு இழையில் வெபர் கண்டது மெதுவான ஊர்தல். எங்கள் கருவியோ அலைபோல் ஆட்டுகிறது. இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? அதற்கு கிளாஸ்கோவுக்குப் போகவேண்டியிருந்தது. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1865இல் உலோகங்களின் மீள்தன்மையையும் பாகுத்தன்மையையும் பற்றி எழுதினார். கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, முறுக்கி விட்டுவிட்டு, ஆட்டம் எப்படி அடங்குகிறது என்று பார்த்தார். தொடர்ந்து ஆட்டப்பட்ட கம்பியில் ஆட்டம் சீக்கிரம் அடங்கியது. ஓய்வில் இருந்த கம்பியில் அவ்வளவு விரைவாக அடங்கவில்லை. காற்றின் தடை மட்டும் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வராது. கம்பிக்குள்ளேயே ஏதோ ஒன்று ஆற்றலை விழுங்குகிறது.

எனக்கு வேண்டிய கண்ணி இங்கே கிடைத்தது. இப்படி முறுக்கி விட்ட ஊசல் 10 பாகை வரை ஆடி, அடுத்த சுற்றில் 9 பாகைக்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஐ 9ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 0.105. அதை பை (π) என்ற எண்ணால் வகுத்தால் சுமார் 0.034. ஆட்டம் அடங்கும் அளவு சிறிதாக இருக்கும்வரை, இதுவேதான் டான் டெல்டா! கணினி இல்லை, சென்சார் இல்லை. ஒரு தொங்கும் எடையும் அளவுகோலும் போதும். ஊசல் தன் வேகத்தில்தான் ஆடும், நமக்கு வேண்டிய வேகத்தில் ஆட்ட முடியாது என்பது மட்டும்தான் குறை. அந்தக் குறையைப் போக்கத்தான் மோட்டார் வைத்து ஆட்டும் கருவிகள் வந்தன. ஆனாலும் ஊசலை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. பிளாஸ்டிக்குகளின் இயங்கு இயந்திரக் குணங்களை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 6721 தரநிலையின் இரண்டாம் பகுதி முழுக்க முறுக்கு ஊசலைப் பற்றியதுதான்.