கதவுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டு

பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த மேசைகளில் வார்னிஷ் இன்னும் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது, உள்ளே நுழைந்ததும் இனிப்பும் காரமும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறியது, ஏறிய கணமே எனக்குப் பாரால்டிஹைடு ஞாபகம் வந்துவிட்டது. எதிரே இருபது பேர், கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும், கத்திக்கொண்டும் உதைத்துக்கொண்டும் வருகிற மனநோயாளியை எப்படிக் கையாள்வது என்று அவர்களுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆனால் ஆவேசத்தை அடக்க அந்தக் காலத்தில் நாங்கள் ஊசியாகப் போட்ட அந்த மருந்தை அவர்களில் ஒருவர்கூட முகர்ந்திருக்க மாட்டார்.

பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பதால் அதைக் கண்ணாடி சிரிஞ்சில்தான் இழுப்போம், போட்ட பிறகு நோயாளியின் மூச்சிலேயே வெளியே வரும், பழைய பாட்டிலாக இருந்தால் காடியின் புளிப்பும் சேர்ந்துகொள்ளும், விடிந்து வீட்டுக்குப் போனாலும் சட்டையை விட்டுப் போகாது. 1984இல் நான் ஹவுஸ் சர்ஜன், ஓர் அரசு ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி, நாற்பது வாட்ஸ் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், வாசலில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் சாக்கு. அங்கே ஒருவர் இருந்தார், உத்தியோகப் பெயர் வார்டு பாய், வயசு ஐம்பத்தாறு, நாங்கள் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். யாராவது ஆவேசத்தோடு வந்தால் வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளிப்பார், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளில் போடுவார், அப்புறம் என் கழுத்திலிருக்கும் ஸ்டெதஸ்கோப்பையும் கேட்காமலே கழற்றி அதன் மேல் மாட்டுவார். “கழுத்துல எதுவும் வேணாம் சார், பிடிச்சு இழுத்தா தொலைஞ்சீங்க.” உள்ளே போனதும் முக்காலியைப் போட்டு வாசலை மறைக்காமல் ஓரமாக உட்காருவார், அவனுக்கும் போக வழி இருக்கணும், நமக்கும் இருக்கணும் என்பார், உட்கார்ந்து முதலில் கேட்பது, “சாப்பிட்டீங்களாய்யா?”

ஒரு ராத்திரி நாலு பேர் ஒருவரை வேட்டியாலேயே கைகளைக் கட்டித் தூக்கிவந்தார்கள், சலைன் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினார், வாயில் வந்ததையெல்லாம் திட்டினார், நான் பாரால்டிஹைடு எடுக்கச் சொல்லிவிட்டேன். பெரியவர் அவர் முதுகில் கையை வைத்து, வைத்தபடியே என்னைப் பார்த்தார், “சட்டையைப் பிழிஞ்சா தண்ணி வரும் போல இருக்கு சார், இவரு கோபத்துல இல்ல.” மனைவியை விசாரித்தால், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவராம், மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லையாம். ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் போய்த் திரும்பக் காத்திருக்காமல் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம், ஏற்றி முடிக்கவில்லை, மனுஷர் சுற்றுமுற்றும் பார்த்து “என் செருப்பு எங்கே?” என்றார். பாரால்டிஹைடு நிரப்பிய சிரிஞ்சு தட்டில் அப்படியே இருந்தது, நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடம்பைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கையை அதற்கு முன்பே எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன், அப்பத்தாவின் கை, வெங்காயமும் மண்ணெண்ணெயும் மணக்கிற கை. சித்தப்பாவுக்கு டைபாய்டு வந்து மூன்றாவது வாரம், கூரையைப் பார்த்து யாருடனோ பேசுகிறார், போர்வையை விரல்களால் பிய்த்துக்கொண்டே இருக்கிறார், பகலில் தெளிகிறார், பொழுது சாய்ந்தால் மறுபடியும். காத்து கருப்பு அண்டிவிட்டது, பூசாரியைக் கூப்பிடு என்று தெருவே சொன்னது, அப்பத்தா அவர் கழுத்திலும் வயிற்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “போங்கடி, இது ஜன்னி” என்றாள். ராத்திரி பூராவும் அரிக்கேன் விளக்கை அணைக்காமல், நிழல் அவர் மேல் விழாத இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள், இது நம்ம வீடுடா, நான் உன் ஆத்தாடா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டெலிரியம் என்று நான் பின்னால் படித்தது இதைத்தான், பைத்தியம் வேறு, ஜன்னி வேறு என்று பிரிக்கத் தமிழில் ஒரு சொல் இருந்தது, இன்றைக்குப் பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு மாற்றுமருந்தான அட்ரோபின் கூடிப்போய்ப் போர்வையைப் பிய்த்தாலும், குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கிப் பூச்சிகள் ஊர்வதாகச் சொன்னாலும், ‘மனநலப் பிரிவுக்கு அனுப்பவும்’ என்று சீட்டில் எழுதிவிடுகிறோம், காய்ச்சலும் நாடியும் பார்க்காமலே.

தெரு சொன்னதை அப்பத்தா கேட்டிருந்தால் சித்தப்பாவை எங்காவது கட்டிப்போட்டிருப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 காலையில் ஏர்வாடித் தீ பற்றிக் கேட்டபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது, ஓலைக் கொட்டகையில் சங்கிலியோடு கட்டிவைத்த மனநோயாளிகள், ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017இன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது, பதிவுபெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்றும் சொன்னது, அதாவது இது என் துறை இல்லை என்று கேஷுவாலிட்டி டாக்டர் ஒதுங்க வேண்டியதில்லை. மருந்தும் நல்லதாக வந்துவிட்டது, ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்த்துப் போட்டால் லோரசெபாமைவிடச் சீக்கிரம் அடங்குகிறார்கள் என்று வேலூரில் 200 பேரிடம் பார்த்து 2004இல் எழுதினார்கள், அதில் நெடியும் கிடையாது.

கூடத்தில் நடிப்புப் பயிற்சி ஆரம்பமாகியிருந்தது. நோயாளியாக நடித்த பையன் நாற்காலியைத் தள்ளிக் கத்தினான், முன்னால் வந்த இளம் டாக்டர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, “நான் உங்களுக்கு உதவத்தான் வந்திருக்கேன்” என்றார், வார்த்தை சரி, இரண்டு கை தூரமும் சரி, ஆனால் நின்றது வாசலை அடைத்துக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். நிழலே விழாத வெள்ளை வெளிச்சம், பின்வரிசையில் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஸ்லைடு திரையில் தயாராக இருந்தது, அணைத்துவிட்டேன்.

“வெளியே போய் மறுபடி வாங்க தம்பி, கழுத்துல இருக்கறதை அங்கேயே மாட்டிட்டு வாங்க. வந்ததும் முதல்ல அவர் முதுகுல கை வெச்சுப் பாருங்க, வேர்த்திருக்கா, கொதிக்குதான்னு.”

அவர் போனார். கண்ணாடிக் கதவு அது, தானே மூடிக்கொள்வது, தாழ்ப்பாளும் இல்லை, ஆணியும் இல்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டுவதென்று தேடினார், நான் எழுந்துபோய்க் கையை நீட்டினேன்.