நகைக்கு ஒரு பத்ததி

கச்சேரிக்கு இன்றுள்ள பத்ததியை வகுத்துத் தந்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வார்கள். முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான சில கிருதிகள், நடுவில் கனமான உருப்படி, கடைசியில் துக்கடாக்கள். எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்கும். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இந்த அரியக்குடியில், எங்கள் வீட்டு நகைப் பெட்டிக்கு மட்டும் எந்தப் பத்ததியும் இருந்ததில்லை.

அப்பத்தாவுக்குத் தொண்ணூறு வயது. "நான் இருக்கையிலேயே பிரிச்சுருங்க ஆத்தா. போனதுக்கப்புறம் பிரிச்சா பேச்சு வரும்" என்றார்கள். பேத்திகள் நாலு பேரும் வளவில் பாயை விரித்து, வெள்ளை வேட்டியைப் பரப்பி, பெட்டியைக் கவிழ்த்தோம்.

வைரத் தோடும் முத்து மாலையும் ஒரே சுருக்குப் பையில் கிடந்தன. வைரம் எதையும் கீறும். முத்தோ வியர்வை பட்டாலே ஒளி மங்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைப்பது புலியையும் பசுவையும் ஒரே கொட்டிலில் கட்டுவது போலத்தான். அறுந்த சங்கிலி, ஜோடி இழந்த ஜிமிக்கி, எங்களில் யார் இடுப்பில் கிடந்ததோ ஒரு வெள்ளி அரைஞாண், எல்லாம் ஒரே முடிச்சாகப் பின்னிக் கிடந்தன.

இந்தக் குழப்பத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல, பாதி பயம். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். ஆசாரிமார் பலர் பட்டறையை மூடினார்கள். 1968-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு குடும்பத்தில் நாலு கிலோவுக்கு மேல் நகை இருந்தால் சர்க்காருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அளவில் கால்வாசி கூட இல்லை. ஆனாலும் பயத்துக்குத் தராசு ஏது? நெல் குதிரில் கொஞ்சம், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் கொஞ்சம் என்று பிரித்து ஒளித்தார்கள். அந்தச் சட்டம் 1990-ல் போய்விட்டது. ஒளித்த இடங்களிலிருந்து திரும்பி வந்த நகைகள் மட்டும் பழைய ஜோடியைத் தேடிச் சேரவே இல்லை.

மூன்று குவியல் வைத்தோம். அணிவது, இன்னாருக்கு என்று முன்பே சொல்லி வைத்தது, யாருமே அணியப் போவதில்லை என்று தெரிந்தது. மூன்றாவதுதான் பெரிதாய் வளர்ந்தது. அதில் பாதியைப் பார்த்து மனம் இளகவில்லை. பெரிய பதக்கம் ஒன்றைக் காரைக்குடியில் நிறுத்துப் பார்த்தோம். கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் போகத் தங்கம் பாதிதான். பற்றவைப்பதற்கு ஆசாரி போடும் கலவைக்குப் 'பொடி' என்று பெயர். அந்தப் பதக்கத்தில் நிறையவே பொடி வைத்து ஊதியிருந்தார்கள்.

கடைசியில் கழுத்துரு வந்தது. செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இது நகரத்தார் வீட்டுத் தாலி. மஞ்சள் பூசிய நூலில் திருமங்கலமும் உருக்களும் சரிமணியும் தும்பும் கோத்து, கூர் கூராய் விரல் நீட்டி நிற்கும் ஏத்தனத்தோடு மார்பை நிறைத்துத் தொங்கும். கலியாணத்தன்று ஏறும், பிறகு முக்கியமாய்க் கணவனின் அறுபதாம் கலியாணத்துக்கு. அப்பத்தா 1950-ல் அணிந்தார்கள். ஐயா மலாயாவில் வட்டிக்கடைக் கணக்கோடு ஐம்பத்தொரு வயதில் முடிந்துபோனார்கள். ஆக, ஒரே ஒரு தடவை.

நாங்கள் நாலு பேரும் ஒரே குரலாய், "இதை அப்படியே வைத்துக் கொள்ளலாம்" என்றோம். இந்த வேலைப்பாட்டை மறுபடி செய்ய இன்று எத்தனை கை இருக்கிறது? கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், படம் எடுத்து மாட்டலாம் என்று பேச்சு வளர்ந்தது.

அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "உருக்கிருங்க" என்றார்கள்.

"அப்பத்தா, சேதாரம் போகும்."

"போகட்டும். தை மாசம் சின்னவ மகளுக்குக் கலியாணம். அடுத்த வருஷம் பெரியவ மகளுக்கு. இப்பத்தான் பதினோரு பவுன்லயும் செய்றாகளே, அது ரெண்டு ஆகும். யார் கழுத்துலயும் ஏறாதது என்ன கழுத்துரு?"

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். உருக்கிய தங்கத்துக்கு ஞாபகம் கிடையாது. எந்த ஆசாரியின் கை அது என்று சொல்லாது. ஆனால் பத்திரப்படுத்த வேண்டும் என்று வாதாடிய நாங்கள் நாலு பேரும் அதை ஒரு நாளும் சுமந்ததில்லை. சுமந்தவர்கள் கேட்கிறார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

நிறுத்தோம், எழுதினோம். வைரத்துக்குத் தனி டப்பி, முத்துக்கு மல் துணி, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயரும் எடையும். ஒரு நோட்டின் பிரதி நாலு வீட்டுக்கும். ஜோடி இழந்த ஜிமிக்கிக்குப் பெயர் எழுத முடியவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

கழுத்துருவின் நூலை அப்பத்தாவே அவிழ்ப்பதாய்ச் சொன்னார்கள். முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. கத்தரிக்கோலை நீட்டினேன், வாங்கவில்லை. நகத்தால் நெருடி நெருடி அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஆசாரி இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டார்.