அறுபதும் எண்பதும் வந்து தங்கும் இல்லம்

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாகத் தரங்கம்பாடி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது திருக்கடையூர். தேவாரம் போற்றும் கடவூர் இதுவே. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. மார்க்கண்டேயருக்காக இறைவன் காலனை உதைத்தருளிய தலம் ஆதலின், அறுபது நிறைந்தோர் சஷ்டியப்த பூர்த்திக்கும், எழுபதில் பீமரத சாந்திக்கும், எண்பது கடந்தோர் சதாபிஷேகத்துக்கும் இங்கு வருகின்றனர். மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கும் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் மாலையும் கழுத்துமாக முதிய தம்பதியர் நிற்காத நாள் அரிது.

இவ்வூரில் என் தங்கையும் அவள் கணவரும் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் இல்லம் ஒன்றைக் கட்டினர். சுவர் எழுந்து, பூச்சும் முடிந்தபின், தரை, குளியலறை, கதவு, கட்டில் ஆகிய பணிகள் எஞ்சியிருந்தன. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் வரவு செலவுக் கணக்கை என்னிடம் ஒப்படைத்திருந்தனர். கையிருப்போ குறைவு. மாப்பிள்ளைக்குக் கண்ணாடிபோல் மின்னும் தரையும், முன்கூடத்தில் ஒரு சரவிளக்கும் வேண்டும் என்ற ஆசை. வருவோர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதானே என்றார்.

தங்கை அதிகம் பேசாதவள். "அம்மா விழுந்த தரையும் இப்படித்தான் மின்னியது" என்று மட்டும் சொன்னாள்.

அவள் குறிப்பிட்டது தன் மாமியாரை. பல ஆண்டுகளுக்கு முன், சதாபிஷேகத்துக்கு முதல் நாள் இரவு, வேறோர் ஊரின் தங்கும் விடுதியில், ஈரமான குளியலறைத் தரையில் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் மங்கலநாண் பூட்டவேண்டிய மாமனார் மருத்துவமனை வாசலில் அமர்ந்திருந்தார். அந்த வைபவம் பின்னர் நடைபெறவே இல்லை. மாப்பிள்ளை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சரவிளக்குக்கு ஒதுக்கிய தொகையைக் குளியலறைக் கணக்கில் சேர்த்துவிடச் சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு பொருளையும் எண்பது வயதுக் கண்களால் பார்த்துத் தேர்ந்தோம். குளியலறைக்கு வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். அறைக்கும் குளியலறைக்கும் இடையே கால் தடுக்கும் படி இல்லை. நீர் வடிய மெல்லிய சரிவு மட்டுமே. கழிப்பிடத்தின் அருகிலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பிகள். இவற்றை டைல்ஸின் மேல் மட்டும் திருகினால் பாரம் தாங்காது. திருகு செங்கற்சுவருக்குள் ஆழச் செல்லவேண்டும். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும் அல்லவா?

கட்டில் தரையிலிருந்து மெத்தையுடன் பதினெட்டு அங்குலம். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும். விளக்கின் சுவிட்ச் படுத்தபடியே கைக்கு எட்டும். கடல் அண்மையில் இருப்பதால் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடும். கீல்களும் தாழ்ப்பாள்களும் பித்தளையில் அமைந்தன. விடியுமுன் எழுந்து மடிசாரும் பஞ்சகச்சமும் உடுத்துவோருக்காக ஆளுயரக் கண்ணாடி, மடித்துணி உலர்த்த உயரக் கொடி, பூசைப் பொருள்களைத் தரையில் வைக்காதிருக்க ஒரு பலகை. திண்ணையில் சாய்ந்து அமரக் கோரைப்பாய்.

இவ்வூருக்கு விருந்தோம்பல் புதிதன்று. குங்குலியக்கலய நாயனார் வாழ்ந்த ஊர் இது. வறுமையில் மனைவியின் தாலியைக் கொடுத்தும் குங்குலியம் வாங்கியவர் அவர். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் கடவூருக்கு எழுந்தருளியபோது, எதிர்கொண்டு அழைத்துத் தம் இல்லத்தில் அமுது படைத்தார் என்கிறது பெரியபுராணம். ஒருவர் இளையவர், மற்றவர் முதியவர். இருவருக்கும் ஏற்ற இடமாக அம்மனை இருந்திருக்கவேண்டும்.

இல்லத்தில் முதலில் தங்கியவர்கள் சதாபிஷேகத் தம்பதியர். காலையில் அந்த அம்மையார் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக்காட்டி, "பிள்ளைகளை எழுப்பாமல் நானே குளித்துவிட்டேன்" என்றார். என் தங்கை உள்ளே சென்று கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

பெற்றோரை அழைத்துக்கொண்டு திருக்கடையூருக்கோ வேறு தலத்துக்கோ செல்லும் அன்பர்கள், அறை பதிவு செய்யும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: அறை தரைத்தளத்தில் உள்ளதா? குளியலறைத் தரை வழுக்குமா? பிடித்து எழக் கம்பி உண்டா? குளிரூட்டும் வசதியைப் பிறகு கேட்கலாம். ஆயுள் விருத்தி வேண்டிச் செல்லும் பயணம் நலமாக நிறைவுற அன்னை அபிராமி அருள்வாளாக.