ஒத்து

'ஒத்து ஊதுகிறவன்' என்று யாரையாவது திட்டியிருப்பீர்கள். இனிமேல் யோசித்துத் திட்டுங்கள். கோயிலில் நாதஸ்வரக்காரர் எங்கெங்கோ சஞ்சாரம் செய்ய, பக்கத்தில் ஒருவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்பாரே, அவர்தான் ஒத்து. (இப்போது பெரும்பாலும் ஸ்ருதிப் பெட்டி.) அவர் நகர்ந்தால் கச்சேரியே நகர்ந்துவிடும்.

இது ஞாபகம் வந்தது பாகூரில், ஒரு நண்பரின் மொட்டைமாடியில். ரிடையர்டு ஆசாமி, பழைய ஹாம் ரேடியோக்காரர். வடாம் காயும் பாய்க்குப் பக்கத்தில் ஒரு டிஷ். 2018 நவம்பரில் மேலே போன கத்தாரின் எஸ்ஹெயில்-2 சாட்டிலைட்டைப் பார்த்து நிற்கிறது. டிவி சாட்டிலைட்தான். ஹாம்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். பாகூரிலிருந்து மேற்கே, தொடுவானத்துக்கு 27 டிகிரி மேலே. நகராது.

நகர்வது நம்ம சாமான்தான். டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்குள் 25 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு படிகம். அதை 390 மடங்காக்கி, 9750 மெகாஹெர்ட்ஸ் செய்து, வானத்திலிருந்து வருவதில் கழித்துக்கொள்கிறார்கள். படிகம் ஒரே ஒரு ஹெர்ட்ஸ் பிசகினால் ஸ்டேஷன் 390 ஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 9,750 ஹெர்ட்ஸ். ஒரு மனிதக் குரலுக்கு வேண்டியதே சுமார் 2,700தான். மாசி வெயிலில் மொட்டைமாடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். படிகத்துக்கும் தெரியும்.

நண்பருக்கு இது வெறும் கணக்கு இல்லை. ரியூனியன் தீவில் அவருக்கு ஒரு சிநேகிதர், எண்பதைத் தாண்டியவர். 1848-ல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்கள் பலரைக் கப்பலேற்றிக்கொண்டுபோன தீவு. ஞாயிறு மாலை நாலரைக்கு (அங்கே மூன்று) அவர் மோர்ஸில் நாலு வரி தட்டுவார். இவருக்கு அனுப்பும் வசதி இல்லை, கேட்பார். போன் பண்ணலாமே என்கிறீர்களா? நானும் கேட்டேன்.

"போன்ல இருமிக்கிட்டே இருக்கார் சார். மோர்ஸ்ல அவருக்கு இன்னும் முப்பது வயசு."

இரண்டு ஞாயிறு கிடைக்கவில்லை. நண்பர் டயலைத் திருகித் திருகி, சிநேகிதர் போய்விட்டாரோ, படிகம்தான் ஓடிவிட்டதோ என்று புரியாமல் ராத்திரி தூங்கவில்லை. மூன்றாவது வாரம் பேரன் ஒரு சின்ன டப்பா வாங்கிக் கொடுத்தான். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகளில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கேட்டுக் கேட்டு, தன் துடிப்பைத் திருத்திக்கொண்டே இருக்கும் டப்பா. (அந்தக் கடிகாரங்கள் மேலே போனால் நாளுக்கு 38 மைக்ரோ செகண்ட் வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் கணக்குப்படி முன்கூட்டியே மெதுவாக்கி அனுப்புகிறார்கள்.) எல்.என்.பி.யின் படிகத்தைக் கழற்றிவிட்டு, டப்பாவின் 25 மெகாஹெர்ட்ஸை அங்கே கொடுத்தார்கள். ஒத்துக்காரர் வந்தாயிற்று.

நான் போனது அந்த ஞாயிறு. நாலரை. டயல் சொன்ன இடம் அச்சாக அதே இடம். ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். நண்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன வாரம் வரை படிகத்தைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது? அவர் மனைவி காபியை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கீழே போனார்.

நாலு முப்பத்தாறுக்கு டப்பாவின் விளக்கை நண்பர் மறுபடி சரிபார்த்தார். பச்சை.

நாலு நாற்பத்தொன்றுக்கு, துளி விலகாமல் அதே இடத்தில், டா டிட் டா டிட்.

நண்பர் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு மோர்ஸும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

"என்ன சொல்றார்?"

"அங்கயும் கரன்ட் கட்டாம் சார்."