எந்தக் கிதாபில் இருக்கிறது?

அரபிக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளாக ஹதீஸ் கலை ஓதிக் கொடுத்து வருகிறேன். ஒரு செய்தி காதில் விழுந்தால், அது நமக்கு உவப்பானதா என்று பார்ப்பதற்கு முன், இதை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கேட்க வேண்டும் என்பதே மாணவர்களுக்கு நான் சொல்லும் முதற்பாடம். அந்தப் பாடத்தை என் இளைய மகள் எனக்கே திருப்பிச் சொன்ன கதையை இங்கே எழுத முற்பட்டிருக்கிறேன்.

அவள் பதினோராம் வகுப்பு மாணவி. சர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவை 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் அறிவித்தார். அதன் நினைவாக அந்நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டி, இயற்பியலில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தலைப்பு அவரவர் விருப்பம்.

விருப்பம் என்று விட்டுவிட்டாலே பிள்ளைகளுக்குத் திகைப்புத்தான். முதல் நாள் 'பிரபஞ்சத்தின் தோற்றம்' என்றாள். மறுநாள் அது 'கருந்துளைகள்' ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதினாள். மஃரிபுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டச் சொன்னேன். சொற்கள் பெரியவையாக இருந்தன. "இதில் உனக்கு விளங்கியது எது, மகளே?" என்று கேட்டேன். "ஒண்ணும் விளங்கலே அத்தா. எழுத நல்லா இருந்துச்சு" என்று உண்மையைச் சொன்னாள்.

உடனே என் மேடைப் பழக்கம் தலை தூக்கிற்று. "இப்னுல் ஹைதமைப் பற்றி எழுது. நம்மவர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். சிறு துளை வழியே ஒளி புகுந்து உருவத்தைக் காட்டும் என்று உலகிலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் அவர்தான். 'கேமரா' என்ற சொல்லே 'கமரா' என்ற அரபிச் சொல்லிலிருந்து போனது" என்று அடுக்கினேன். மீலாது விழாக்களில் இருபது ஆண்டுகளாக நான் சொல்லிக் கைதட்டல் வாங்கிய வாசகங்கள் அவை.

அவள் எழுதிக்கொண்டே வந்தவள், பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அத்தா, இது எந்தக் கிதாபிலே இருக்கு? எத்தனையாம் பக்கம்? கீழே குறிப்பு எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

எனக்கு விடை தெரியவில்லை. யாரோ ஒரு பேச்சாளர் சொல்ல நான் கேட்டது. அவர் யாரிடம் கேட்டாரோ, நான் விசாரித்ததில்லை. அறிவிப்பாளர் வரிசையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அந்த ஹதீஸைத் தள்ளி வைக்கக் கற்றுக் கொடுக்கும் நான், வரிசையே இல்லாத ஒரு செய்தியை இருபது ஆண்டுகள் மேடையேற்றி வந்திருக்கிறேன். அன்று இஷாத் தொழுகைக்குப் பின்னும் அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை.

குவைத்தில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதினேன். இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாழிர்' ஏழு பகுதிகள் கொண்ட பெருநூல். அதன் முதல் மூன்று பகுதிகளின் அரபி மூலத்தை அப்துல் ஹமீது ஸப்ரா என்னும் அறிஞர் பதிப்பிக்க, அது 1983இல் குவைத்தில் வெளியாயிற்று. அதிலிருந்து வேண்டிய பக்கங்களை மாணவர் படியெடுத்து அனுப்பினார். மகள் ஒருபுறம் நூலகத்தில் தேடினாள்.

தேடியதில் என் மேடை வாசகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. துளை வழியே தலைகீழ் உருவம் விழுவதை, கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, சீனத்தில் மோ-ட்சுவின் வழியினர் எழுதி வைத்திருக்கிறார்கள். கிரகணத்தின்போது இலைகளின் இடுக்கு வழியே விழும் ஒளி பிறையாவது ஏன் என்ற கேள்வி, அரஸ்துவின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலிலேயே இருக்கிறது. 'கேமரா' என்பது இலத்தீன் சொல். கிரேக்கத்தில் வளைகூரையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இப்னுல் ஹைதம் எழுதியது 'கமரா' அன்று. 'இருண்ட வீடு' என்று பொருள்படும் 'அல்பைத்துல் முழ்லிம்'.

அப்படியானால் அவருடைய பெருமைதான் எது? அரபியை நான் படித்துப் பொருள் சொன்னேன். அதன் இயற்பியலை அவள் எனக்கு விளக்கினாள். ஒரே தாளின் மேல் எங்கள் இருவர் படிப்பும் குனிந்தது அதுவே முதல் தடவை. ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொல்கிறார் அவர். துளைக்கு அப்பால் இருண்ட அறையின் சுவரில், விளக்குகளின் எண்ணிக்கைக்கு ஒளித்திட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான திட்டு மட்டும் மறையும்; மறைப்பை எடுத்தால் அது அதே இடத்துக்குத் திரும்பும். ஆகவே ஒளி நேர்கோட்டில் செல்கிறது. குறுகிய துளையில் எல்லா ஒளியும் கூடினாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எவரும் தம் வீட்டில் செய்து சரிபார்க்கத்தக்க வகையில் எழுதி வைத்திருக்கிறார். முதலில் கண்டவர் என்பதைவிட, கண்டதைச் சோதித்தவர் என்பதே அவர் பெருமை.

அந்தச் சோதனைக்கு அவர் ஆளும் சொல்லைக் கண்டதும் என் விரல் தாளிலேயே நின்றுவிட்டது. 'இஃதிபார்'! ஓர் அறிவிப்புக்கு வேறு வழிகளில் துணை உண்டா என்று தேடிப் பார்க்கும் பணிக்கு, ஹதீஸ் கலையில் நாங்கள் வழங்கும் சொல்லும் அதுவே. இரு துறையாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் அதைப் பெற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஓதும் அறையில் நான் தினமும் உச்சரிக்கும் சொல், விளக்கும் துளையுமாக என் முன் நின்றது.

"அத்தா, இவரோட வாழ்க்கையை எழுதினா அது வரலாறுதானே? எனக்கு இயற்பியல்லே ஒரு கேள்வி வேணுமே" என்றாள் மகள். அதுவும் நியாயமே. பிறகு அவளே ஒன்றை நினைவுகூர்ந்தாள். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் வளையச் சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல் வட்டாரத்தில் நன்றாகத் தெரிந்தது. அப்போது அவள் பத்து வயதுச் சிறுமி. காலை ஒன்பதரை மணியளவில் வேப்பமரத்தடியில் எங்கு பார்த்தாலும் ஒளி வளையங்கள் விழுந்திருந்தன. "மற்ற நாளிலே அங்கே வட்டமாத்தானே விழும்? இலை இடுக்கு வட்டமாவா இருக்கு? அப்போ அந்த வட்டம் சூரியனோட வட்டம்தானே? அதை அளந்தா சூரியனை அளந்த மாதிரி ஆகாதா?"

தலைப்பு கிடைத்துவிட்டது: 'ஊசித்துளையால் சூரியனை அளக்க முடியுமா?' பிரபஞ்சத்தில் தொடங்கியவள் ஊசித்துளைக்கு வந்து சேர்ந்தாள். கேள்வி சுருங்கச் சுருங்க, அவளுக்கு விளங்கியது பெருகிற்று.

மச்சு அறையின் கிழக்குச் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடினோம். அட்டையில் ஆணியால் துளையிட்டுச் சன்னலில் பொருத்தினாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, துளையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தாள். தாள் சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவாயிற்று. ஒளிக்கு நேரே நிமிர்த்தியதும் வட்டம் திரும்பிற்று. குறுக்களவு 31 மில்லிமீட்டர். அவள் பாடநூலில் உள்ள கணக்குப்படி அது 28 ஆக இருக்க வேண்டும். "28 என்றே எழுதிவிடேன், யார் வந்து அளக்கப் போகிறார்கள்?" என்று என் வாய் தவறிற்று. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

குறிப்பேட்டில் 31 என்றே எழுதினாள். பிறகு யோசித்துத் துளையை அளந்தாள். அது மூன்று மில்லிமீட்டர் இருந்தது. துளையின் அகலம் உருவத்தின் அகலத்தோடு கூடிவிட்டது! ஊசியால் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டபோது உருவம் 29க்கு வந்தது. துளையைக் கழித்தால் 28. மூன்று மீட்டரில் அது ஏறத்தாழ 107இல் ஒரு பங்கு. சூரியனின் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதில் 107இல் ஒரு பங்கு 14 இலட்சம். நூல்கள் கூறும் விட்டம் ஏறத்தாழ 13 இலட்சத்து 92 ஆயிரம். கிரகணத்தின் வடிவைப் பற்றித் தனியே ஒரு சிறுநூல் எழுதிய இப்னுல் ஹைதமும், துளை குறுகியதாக இருந்தால்தான் பிறை தெரியும் என்று துளையின் அளவைப் பற்றியே அதில் ஆராய்ந்திருக்கிறார். 28 என்று பொய்யாக எழுதியிருந்தால், இந்தப் பாடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. வேறொரு பிள்ளையின் கருந்துளைக்குக் கிடைத்தது. மகள் ஒரு நாள் வருந்தினாள். மறுநாள் ஊசித்துளையின் வழியே சந்திரனை அளக்கக் கிளம்பிவிட்டாள்.

நான்தான் இன்னும் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தப் பாலகரின் மறைவுக்காகவே அது நிகழ்ந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த தந்தைக்கு அது பெருமை சேர்க்கும் பேச்சு. மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது ஊரெங்கும் நிலைத்திருக்கும். ஆயினும் அவர்கள் எழுந்து, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று மறுத்துரைத்தார்கள். புகாரியில் இந்த ஹதீஸை ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறேன். நமக்குப் பெருமை தருவதாயினும் உண்மையில்லாததை ஏற்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு எதற்கு?

இவ்விதழைப் படிப்பவர்களில் பலர், ஏதேனும் ஒரு மீலாது மேடையில் என் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 'கேமரா' அரபிச் சொல் என்றும், துளையில் ஒளி காட்டும் உருவத்தை முதன்முதலில் கண்டவர் இப்னுல் ஹைதம் என்றும் நான் சொன்னவை தவறு. என்னிடம் கேட்டு நீங்கள் பிறருக்குச் சொல்லியிருந்தால், தயவு செய்து அவர்களிடமும் திருத்திச் சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று அவர்கள் கேட்டால் என் பெயரையே சொல்லுங்கள்.